அரக்கனுக்கு நாக்கு இருந்தது

பேய்க்கதை படிக்கிறேன், திகில் படம் பார்க்கிறேன் என்று சொன்னால் தோழர்கள் சிரிக்கிறார்கள். நிலம், கூலி, வன்கொடுமை வழக்கு என்று தலைக்கு மேலே வேலை கிடக்கும்போது ரத்தக்காட்டேரியும் மந்திரவாதியும் எதுக்கு என்கிறார்கள். நியாயமான கேள்விதான். என்னிடம் இருப்பது ஒரு எதிர்க்கேள்வி. ஒரு சமூகம் யாரைக் கண்டு பயப்படுகிறது, யாரை மனுசக் கணக்கில் சேர்க்காமல் தள்ளி வைக்கிறது என்பதைத் திகில் கதை அளவுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடும் எழுத்து வேறு எது இருக்கிறது? யதார்த்த நாவலில் ஆதிக்கக்காரன் நாசூக்காகப் பேசுவான். பேய்க்கதையில் மனசில் கிடப்பதைக் கக்கிவிடுவான்.

இந்தக் கட்டுரையில் நான் கேட்க வருவது ஒரே ஒரு கேள்வி. ஒடுக்கப்பட்டவன் நியாயம் கேட்க வேண்டுமானால் அவன் முதலில் குற்றமற்றவனாக இருந்தாக வேண்டுமா? இதைப் பேச எனக்குக் கிடைத்த பிரதி மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்'.

1816ஆம் வருசம் கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு பெரிய வீட்டில் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று நாலைந்து பேர் பந்தயம் கட்டினார்கள். பைரனும் ஷெல்லியும் பெரிய கவிஞர்கள். கதையை முடித்து நிலைக்க வைத்தது அங்கே இருந்த 18 வயதுப் பெண். 1818இல் நாவல் வெளியானபோது அட்டையில் அவள் பெயர்கூட இல்லை. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அரக்கனின் பெயர் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அவனை உண்டாக்கிய விக்டர் என்கிற படித்த, வசதியான வீட்டுப் பிள்ளையின் பெயர். உண்டாக்கப்பட்டவனுக்குப் பெயரே கிடையாது. பேய், பிசாசு, அரக்கன் என்று திட்டுப் பெயர்கள்தான். பெயர் வைக்கும் உரிமை யார் கையில் இருந்தது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் இங்கே அவனை 'அவன்' என்றே சொல்கிறேன்.

உயிர் வந்து கண்ணைத் திறந்த முதல் ராத்திரியே அவனை உண்டாக்கியவன் அருவருத்து ஓடிவிடுகிறான். அவன் அதுவரைக்கும் எந்தத் தப்பும் செய்யவில்லை. செய்ய நேரமே இல்லை. உடம்பைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு முடிந்துவிட்டது. பிறகு ஒரு கிராமத்துக்குள் நுழைகிறான், கல்லால் அடித்துத் துரத்துகிறார்கள். டி லேசி என்கிற குடும்பத்தின் வீட்டை ஒட்டியிருக்கும் ஒரு கொட்டிலில் ஒளிந்துகொள்கிறான். சுவரில் ஒரு சின்ன விரிசல். அந்த விரிசல் வழியாக அவன் மனுச வாழ்க்கையைப் பார்க்கிறான். அந்த வீட்டுக்கு வந்த சாஃபி என்ற அயல்நாட்டுப் பெண்ணுக்கு அவர்கள் பாஷை சொல்லிக்கொடுக்க, இவன் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டே கற்றுக்கொள்கிறான். சொத்து எப்படிப் பிரிந்தது, பிறப்பும் குலமும் மனுசனுக்கு எப்படி மதிப்புத் தருகிறது என்பதையெல்லாம் கேட்கிறான். அமெரிக்காவின் பூர்வகுடிகளுக்கு நேர்ந்ததைக் கேட்டு அழுகிறான். மில்டனையும் புளூட்டார்க்கையும் படிக்கிறான். பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் கேட்ட தலைமுறையைப் பாட்டன் பூட்டன் வரிசையில் வைத்திருக்கும் நமக்கு இந்த விரிசல் புதுசா?

இன்னொன்று இருக்கிறது. ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் போய் அவர்களுக்கு விறகு வெட்டிப் போடுகிறான். வாசலில் பனியை அள்ளி வழி செய்கிறான். காலையில் எழுந்து பார்க்கும் குடும்பம் ஏதோ நல்ல தேவதை செய்த வேலை என்று சந்தோசப்படுகிறது. அவன் உழைப்பு வீட்டுக்குள்ளே போகலாம், அவன் போகக் கூடாது. கண் தெரியாத கிழவர் டி லேசி தனியாக இருக்கும் நேரம் பார்த்து ஒருநாள் துணிந்து உள்ளே போய்ப் பேசுகிறான். கிழவர் மனுசனாகவே பேசுகிறார், கண் தெரியாததால். கண் தெரிகிற மகன் ஃபெலிக்ஸ் வந்து பார்த்ததும் தடியால் அடிக்கிறான். இத்தனைக்கும் அவன் சாப்பிடுவது காட்டுக் கொட்டையும் பழமும். ஆட்டுக்குட்டியைக்கூடக் கொல்ல மாட்டேன் என்று அவனே சொல்கிறான். கறி தின்கிறதால்தான் எங்களை ஒதுக்குகிறார்கள் என்று நம்மிடம் உபதேசம் செய்கிறவர்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம். சைவமும் அவனைக் காப்பாத்தல.

ஆற்றில் முழுகிப்போகும் ஒரு பெண்ணைத் தூக்கிக் கரை சேர்க்கிறான், அதற்குக் கூலியாகத் துப்பாக்கிக் குண்டு. அதற்குப் பிறகுதான் அவன் கொலைகாரன் ஆகிறான். விக்டரின் சின்னத் தம்பி வில்லியமைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். பிறகு நண்பன் கிளெர்வல். பிறகு கல்யாண ராத்திரியில் விக்டரின் மனைவி எலிசபெத். இதில் எதையும் மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. மேரி ஷெல்லி மறைக்கவில்லை. ஆனால் நாவலின் நட்டநடுவில் பல அத்தியாயங்களை அவன் வாயாலேயே பேச வைத்தாள். எவ்வளவு கொடூரமான சட்டமாக இருந்தாலும் குற்றவாளி தன் தரப்பைச் சொல்ல அனுமதிக்கிறதே, என்னை மட்டும் ஏன் பேச விடவில்லை என்பது அவன் வாதம். நான் நிரபராதி என்று அவன் சொல்லவில்லை. என்னைக் கேள் என்கிறான்.

இந்த நாக்கைத்தான் முதலில் அறுத்தார்கள்.

நாவல் வந்து ஐந்தே வருசத்தில், 1823இல், லண்டனில் அது நாடகமாகிறது. மேடையில் அவன் ஊமை. நடிகர் பட்டியலில் அவன் பெயருக்கான இடத்தில் வெறும் கோடு. அடுத்த வருசம், 1824 மார்ச்சில், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளைப் பற்றிய விவாதம். ஜார்ஜ் கேனிங் என்ற அமைச்சர் எழுந்து, அடிமைக்கு உடனே விடுதலை தருவது அண்மையில் வந்த ஒரு கதையில் வரும் ஜந்துவை உருவாக்குவது போல என்கிறார். ராட்சச பலம் இருக்கும், நல்லது கெட்டது தெரியாது என்பது அவர் வாதம். எவ்வளவு வசதியான வாசிப்பு! நாவலில் நல்லது கெட்டதை அவனைவிடத் தெளிவாகத் தெரிந்தவன் யார்? பேசத் தெரிந்தவனை ஊமையாக்கிவிட்டு, பார், இதுக்குப் புத்தி இல்லை, இதைக் கட்டித்தான் வைக்கணும் என்று காட்டுவது. வங்காள விரிகுடாவுக்கு இந்தப் பக்கமும் அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் ஆண்டைகளின் தர்க்கம் ஒன்றுதான்.

1931இல் ஹாலிவுட்டில் ஜேம்ஸ் வேல் எடுத்த படம்தான் உலகம் முழுக்கப் போனது. தட்டையான மண்டை, கழுத்தில் ஆணி, போரிஸ் கார்லாஃபின் அந்த முகம். இன்றைக்கும் குழந்தைகள் வரைவது அதைத்தான். கார்லாஃப் பெரிய நடிகர், பேச்சே இல்லாமல் கண்ணாலும் கையாலும் அழ வைத்துவிடுகிறார். ஆனால் கதையில் ஒரு பெரிய மோசடி நடந்துவிட்டது. படத்தில் விஞ்ஞானியின் உதவியாள் நல்ல மூளை இருந்த ஜாடியைத் தவறவிட்டு உடைத்துவிட்டு, பக்கத்திலிருந்த குற்றவாளியின் மூளையை எடுத்து வருகிறான். அதுதான் அவன் தலைக்குள் போகிறது. நாவலில் இது கிடையவே கிடையாது. நாவல் சொன்னது: நீங்கள் அடித்தீர்கள், துரத்தினீர்கள், அவன் அரக்கன் ஆனான். படம் சொன்னது: பிறவியிலேயே கோளாறு.

பிறவிக் குற்றவாளி என்பது சினிமாக்காரன் கற்பனை மட்டும் இல்லை. 1871இல் வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டான். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் முதலாகப் பல சாதியார் தாய் வயிற்றிலிருந்து விழும்போதே திருடர் என்று எழுதப்பட்டார்கள். கார்லாஃப் படம் வந்த வருசத்தில் நம் மண்ணில் அந்தச் சட்டம் உயிரோடுதான் இருந்தது. குற்றவாளி மூளை என்ற ஜாடி ஹாலிவுட் சோதனைச்சாலையில் மட்டும் இல்லை, காவல் நிலையத்து அலமாரியிலும் இருந்தது.

படத்தின் முடிவில் ஊர் திரண்டு தீவட்டியும் வேட்டை நாயுமாக அவனைத் துரத்தி, காற்றாலைக்குள் விட்டுக் கொளுத்துகிறது. நாவலில் இந்தக் காட்சியும் இல்லை. அதே காலத்தில் அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கும்பல் கூடித் தூக்கிலிடுவதும் எரிப்பதும் நடந்துகொண்டிருந்தது. அரங்கில் உட்கார்ந்திருந்தவன் தீவட்டி பிடித்தவனோடு சேர்ந்துகொண்டானா, உள்ளே எரிந்தவனோடு சேர்ந்துகொண்டானா என்பது அவன் எந்தத் தெருவிலிருந்து வந்தான் என்பதைப் பொறுத்தது.

மாயாஜாலக் கதைகளிலும் இந்த அறுவை நடக்கிறது. நம் பிள்ளைகள் ஆசையாகப் படிக்கும் ஹாரி பாட்டர் கதைகளில் வீட்டுக் குட்டிச்சாத்தான்கள் வருகின்றன. தலைமுறை தலைமுறையாகச் சம்பளம் இல்லாத வேலை, அழுக்குத் துணி, அதிலும் சந்தோசம். 2000இல் வந்த நாலாவது புத்தகத்தில் ஹெர்மாயினி என்ற பெண் இது அடிமைத்தனம் என்று சங்கம் ஆரம்பிக்கிறாள். அவளைக் கூட இருப்பவர்களே கிண்டல் செய்கிறார்கள், அதுகளுக்கு அது பிடிச்சிருக்கு என்று. அந்தக் கிண்டலாவது புத்தகத்தில் இருந்தது. 2005இல் வந்த படத்தில் சங்கமே காணோம். டிராகன் பறக்க இடம் இருந்தது, கூலி கேட்க இடமில்லை.

இங்கே என் ஊரைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பேய்கள் எல்லாம் எங்கள் பக்கம்தான். சுடுகாடு எங்கள் தெருவை ஒட்டி, புளியமரம் எங்கள் தெரு முனையில், முனி ஓட்டம் எங்கள் களத்து வழியாக. ஊர்த்தெருப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது சொல்லும் கதையில் பயம் வருகிற திசை எங்கள் திசை. குழி வெட்டுவதும் பிணம் எரிப்பதும் நைனாவின் வேலை. ராத்திரி அங்கேயேதான் படுத்திருப்பார். சின்ன வயசில் ஆயாவிடம் கேட்டிருக்கிறேன், நைனாவைப் பேய் அடிக்காதா என்று. "பேய் என்னைக்குடா நம்மள அடிச்சிது? அடிச்சவன்லாம் மனுசன்தான்டா" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனாள். திகில் இலக்கியம் பற்றி நான் படித்த முதல் விமர்சனம் அது.

நான் கல்லூரியில் படிக்கும்போது ஊரில் ஒரு பிரச்சினை. கோயில் திருவிழாவில் எங்கள் பையன்கள் பொது வழியில் சைக்கிளில் போனதுதான் காரணம். ஊர்க்காரர்கள் தெருவுக்குள் புகுந்து அடித்தார்கள், நாலு கூரையைக் கொளுத்தினார்கள். ஓடி ஓடி அலுத்த எங்கள் பையன்களில் ஒருத்தன் திரும்பி நின்று கல் எடுத்து எறிந்தான். ஒருத்தன் மண்டை உடைந்தது. எறிந்தவன் என் பெரியப்பா மகன். விசாரிக்க வந்தவர்கள், அதிகாரி முதல் நல்லெண்ணத் தூதர்கள் வரை, கேட்ட முதல் கேள்வி: "உங்க பக்கமும் கல் எறிஞ்சிருக்கீங்களே?" நாலு கூரை எரிந்த கதை அந்த ஒரு கல்லுக்குக் கீழே போய்விட்டது. இரு தரப்பு மோதல் என்று எழுதிக்கொண்டு போனார்கள். எங்களுக்காகப் பேச வந்த ஒருவரும் சொன்னார்: "அந்தக் கல்லை மட்டும் எறியாம இருந்திருந்தீங்கன்னா கேஸ் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கும்." அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் சுத்தமான பலியாள்தான் தேவைப்பட்டான். அடி வாங்கிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவன். இல்லையென்றால் செத்தவன்.

இதை மனசில் வைத்துக்கொண்டுதான் 2025இல் கில்லெர்மோ டெல் டோரோ எடுத்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தைப் பார்த்தேன். அறுத்த நாக்கைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், அதற்கு அவரைக் கும்பிடலாம். படத்தில் ஒரு பாதி விக்டர் சொல்லும் கதை, மறு பாதி அவன் சொல்லும் கதை. குற்றவாளி மூளை இல்லை. ஆனால் என்ன நடந்திருக்கிறது பாருங்கள். நாவலில் அவன் நெரித்துக் கொன்ற சின்னப் பையன் வில்லியம் இங்கே வளர்ந்த ஆள், கைகலப்பில் அடிபட்டுச் சாகிறான். எலிசபெத்தின் உயிரை எடுப்பது விக்டரின் துப்பாக்கி. கடைசியில் விக்டர் மன்னிப்புக் கேட்க, அவன் மன்னித்துவிடுகிறான். 1931 படம் அவனைப் பிறவிக் குற்றவாளி ஆக்கியது. 2025 படம் அவன் கையிலிருந்த ரத்தத்தைப் பெருமளவு கழுவிவிட்டது. நம் பக்கம் நிற்கிற படம்தான். ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது: கொலையைக் கழுவிய பிறகுதான் அவன் பேச்சைக் கேட்க முடியுமா? நம் மேல் அன்பு வைக்கிறவர்களும் நம்மை முதலில் குளிப்பாட்டித்தான் உள்ளே விடுவார்களா?

அப்படியானால் அவன் செய்ததெல்லாம் சரி என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. இங்கேதான் ஜஸ்டினைப் பற்றிப் பேச வேண்டும்.

ஜஸ்டின் விக்டர் வீட்டு வேலைக்காரப் பெண். எங்கள் ஜெனீவாவில் வேலைக்காரர்களை மற்ற நாடுகளைப் போலக் கேவலமாக நடத்த மாட்டோம் என்று எலிசபெத் கடிதத்தில் பெருமையடித்துக்கொள்கிறாள். எங்க வீட்ல அதெல்லாம் பாக்குறதில்லீங்க என்று நம்மிடம் சொல்வார்களே, அதே குரல். அந்தக் குரல் அடங்குவதற்குள் ஜஸ்டின் தூக்கில் தொங்குகிறாள். வில்லியமைக் கொன்றவன் நம் ஆள். குழந்தை கழுத்திலிருந்த படத்தை, கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த ஜஸ்டினின் உடுப்புக்குள் செருகியவனும் அவன்தான். இந்த அழகி என்னைப் பார்த்தால் இவளும் அருவருப்பாள் என்ற ஆத்திரம். மேலே இருந்தவன் அவனுக்குச் செய்ததை, கீழே கிடந்த ஒரு பெண்ணுக்கு அவன் செய்தான். வெளியே வாங்கிய அடியை வீட்டுக்குள் வந்து இறக்குகிற கைகளை நம் பெண்கள் அறிவார்கள். தலித் விடுதலை பேசும் மேடைகளில் அவர்கள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நீதிமன்றத்தில் எலிசபெத் ஜஸ்டினுக்காகப் பேசுகிறாள். விளைவு என்ன? ஆகா, எப்பேர்ப்பட்ட எஜமானி என்று கூட்டம் மெச்சுகிறது, இப்படிப்பட்டவளுக்குத் துரோகம் செய்தாளே என்று ஜஸ்டின் மேல் வெறி கூடுகிறது. பாதிரியார் நரகத்தைக் காட்டி மிரட்ட, செய்யாத கொலையைச் செய்தேன் என்று ஒத்துக்கொள்கிறாள். விக்டருக்கு உண்மை தெரியும். சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று வாயை மூடிக்கொள்கிறான், பிறகு தன் மனவேதனையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் புலம்புகிறான். வேலைக்காரி கொன்றிருப்பாள் என்பதை நம்ப நீதிமன்றத்துக்கு ஒரு சின்னப் படம் போதுமாக இருந்தது. நம் நாட்டில் 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். வசதியான மிராசுதார்கள் தாங்களே நேரில் நடந்துபோய் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்கிற ரீதியில் 1973இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. யார் எதைச் செய்திருக்க முடியும் என்பதைச் சாட்சி வருவதற்கு முன்பே அந்தஸ்து முடிவு செய்துவிடுகிறது.

1931 படத்தில் ஜஸ்டின் இல்லை. 2025 படத்திலும் இல்லை. அரக்கனுக்கு அழுகிறவர்களுக்கும் அவள் தேவைப்படவில்லை.

அப்போது குற்றத்தை என்ன செய்வது? எனக்கு வெளிச்சம் காட்டியது இன்னொரு பேய்க்கதை, டோனி மாரிசனின் 'பிலவட்'. 1987இல் வந்த நாவல். 1998இல் ஜொனாதன் டெம்மி படமாக்கினார், ஓப்ரா வின்ஃப்ரி நடித்தார், வசூலில் தோற்றது. அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்த செத்தி, பிடிக்க ஆள் வந்ததும் தன் குழந்தையையே கொல்கிறாள். அந்தக் குழந்தை பேயாக வீட்டுக்கு வருகிறது. மாரிசன் செத்தியைக் கழுவவில்லை. பேய்க்கும் நியாயம் இருக்கிறது, தாய்க்கும் நியாயம் இருக்கிறது.

இதற்குப் பின்னால் இருப்பது நிஜக் கதை. 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் கென்டக்கியிலிருந்து ஆற்றைத் தாண்டி ஒஹையோவுக்கு ஓடிவந்தாள். சுற்றி வளைத்தபோது தன் பெண் குழந்தையைக் கத்தியால் கொன்றாள். வழக்கில் ஒரு வினோதம் நடந்தது. அடிமை ஒழிப்புக்காரர்கள் அவளைக் கொலைக் குற்றத்துக்கு விசாரியுங்கள் என்று போராடினார்கள். எஜமான் தரப்பு, கொலை வழக்கு வேண்டாம், என் பொருளைத் திருப்பிக் கொடு என்றது. கொலைகாரி என்று ஏற்றுக்கொண்டால் அவள் மனுசி என்று ஏற்றுக்கொண்டதாகிவிடும். பொருளுக்குக் குற்றம் கிடையாது, மாடு முட்டினால் மாட்டின் மேல் கேஸ் போட மாட்டோம். கடைசியில் பொருள் என்று சொல்லித்தான் அவளை எஜமானிடம் திருப்பி அனுப்பினார்கள்.

இதிலிருந்து எனக்குப் பிடிபட்டது இவ்வளவு. நம்மைப் பிறவிக் குற்றவாளி என்பவனும், பாவம் ஒண்ணும் அறியாத ஜனங்க என்பவனும் நம்மிடமிருந்து ஒன்றையே பிடுங்குகிறார்கள். நாம் யோசித்து ஒரு காரியம் செய்கிறவர்கள், அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் என்பதை. பேசும் உரிமை நல்ல நடத்தைக்குத் தரும் பரிசு அல்ல. என் பெரியப்பா மகன் கல் எறிந்தது தப்பா என்று தாராளமாக விசாரிக்கலாம். அதே விசாரணையில் நாலு கூரைக்குத் தீ வைத்தவனும் நிற்க வேண்டும். ஒரு குற்றத்தைக் காட்டி இன்னொரு குற்றத்தின் வாயை அடைக்கக் கூடாது.

அவன் பனிமலையில் விக்டரைப் பிடித்து நிறுத்திக் கேட்டதும் அதைத்தான். அந்த வழக்கை நான் நடத்தினால் விக்டர் முதல் குற்றவாளி. கல்லெறிந்த கிராமமும் தடியெடுத்த ஃபெலிக்ஸும் அடுத்து. வில்லியமின் சாவுக்கு அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஜஸ்டினுக்குத் தனி வழக்கு. அதில் விக்டரும் நீதிபதியும் பாதிரியும் அவனும் ஒரே கூண்டில் நிற்க வேண்டும். இருநூறு வருசமாக அரக்கனுக்கு எத்தனையோ நாடகம், எத்தனையோ சினிமா. ஜஸ்டின் வாயைத் திறந்து சொல்கிற கதையை இன்னும் நான் படிக்கவில்லை. நம் பெண்களில் யாராவது அதை எழுதினால், அதுதான் இந்தப் பேய்க்கதைக்கு நாம் செய்கிற நேர்மையான வாசிப்பாக இருக்கும்.